கான்ஃபரன்ஸ்: மாநாடு என்று எழுதலாமா?

“கல்லூரித் தடகள மாநாடு விரிவாக்கம்: எந்தப் பள்ளிகள் இணையக்கூடும்?”

அமெரிக்க விளையாட்டுச் செய்தி ஒன்றின் தலைப்பை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டபோது இப்படி வந்து விழுந்தது. ஏழு சொல்லில் மூன்று தவறு. அகராதியைப் புரட்டினால் மூன்றுமே சரி என்பதுதான் வேடிக்கை.

இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அத்லெடிக்ஸ் என்றால் நமக்கு ஓட்டம், தாண்டுதல், எறிதல், அதனால் தடகளம். அமெரிக்கக் கல்லூரி வழக்கில் அது எல்லா விளையாட்டுக்கும் பொதுப்பெயர். நீச்சல், கூடைப்பந்து, மல்யுத்தம் எல்லாம் அதில் அடக்கம். ஸ்கூல் என்று அவர்கள் பல்கலைக்கழகத்தையும் சொல்வார்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் கொலம்பஸ் வளாகத்தில் சுமார் அறுபதாயிரம் பேர் படிக்கிறார்கள். அதன் கால்பந்து அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அதைப் பள்ளி என்று எழுதினால் வாசகர் மனத்தில் மணியடித்ததும் வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தான் வருவார்கள். (கால்பந்து என்று நான் சொன்னது அமெரிக்கக் கால்பந்தை. பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர் ஏன் என்பது தனிக் கதை.)

மூன்றாவதுதான் விவகாரம்.

மாநாடு என்றால் பந்தல், மேடை, தீர்மானம், கடைசியில் நன்றியுரை. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது, இரண்டாவது 1968-இல் சென்னையில் நடந்தது என்கிறோம். மாநாடு நடக்கும், முடியும், நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் கான்ஃபரன்ஸ் முடிவதில்லை. பல்கலைக்கழகங்கள் அதன் உறுப்பினர்கள். அவற்றின் அணிகள் ஆண்டுதோறும் தமக்குள் மோதிக்கொள்ளும். ஆட்ட அட்டவணை, நடுவர்கள், தொலைக்காட்சி ஒப்பந்தம், வருமானப் பங்கீடு எல்லாம் அதன் கையில். தலைமையில் ஓர் ஆணையர், சொந்த அலுவலகம், சம்பள ஊழியர்கள். இப்படிப்பட்ட அமைப்புக்குக் கூட்டத்தின் பெயர் எப்படி வந்தது?

அது ஒரு கூட்டமாகத்தான் தொடங்கியது.

1895 ஜனவரி 11. சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஓட்டலில் ஏழு கல்வி நிறுவனங்களின் தலைவர்கள் கூடினார்கள். அழைத்தவர் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட். கல்லூரிக் கால்பந்து கட்டுமீறிப் போய்க்கொண்டிருந்த காலம். படிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு கல்லூரிச் சட்டையில் ஆடினார்கள். முழுநேர மாணவர், பாடத்தில் பின்தங்காதவர் மட்டுமே ஆடலாம் என்று விதி செய்ய உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று அதே ஓட்டலில் ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் கூடி, அதை நிலையான அமைப்பாக்கினார்கள். அதன் முறையான பெயரைத் தமிழில் சொன்னால் ‘கல்லூரிகளிடைப் பேராசிரியப் பிரதிநிதிகள் கலந்தாய்வு’ என்று வரும். கலந்தாய்வு என்பது அவர்கள் செய்த வேலையின் பெயர். பேசி முடித்த பிறகும் அவர்கள் கலையவில்லை. வேலையின் பெயர் ஆட்களுக்கே ஒட்டிக்கொண்டது. ஊர் வாய் அதை வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்றது. இன்றைய பிக் டென் அதுதான்.

கல்லூரி விளையாட்டை தேசிய அளவில் ஆளும் என்சிஏஏ 1906-இல்தான் பிறந்தது. தாயைவிடப் பிள்ளைக்குப் பத்து வயது அதிகம். சொல் தேர்வுக்கு இது முக்கியம், பிறகு வருகிறேன்.

கூட்டத்தின் பெயர் அமைப்பின் பெயராவது நமக்குப் புதிதல்ல. காங்கிரஸ் 1885 டிசம்பரில் பம்பாயில் கூடியது. ஆண்டுக்கொரு முறை கூடிக் கலைந்தது கட்சியானது. சம்மேளனம் வடமொழியில் கூடுகை. இந்தியில் இன்றும் சம்மேளன் என்றால் கூட்டம்தான். தமிழிலோ ‘தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம்’ என்பது அமைப்பு. இலங்கையில் விளையாட்டு அமைப்புகளுக்கும் அதே சொல் புழங்குகிறது. இன்னும் நெருக்கமான உதாரணம் காஷ்மீரில் இருக்கிறது. 1932-இல் முஸ்லிம் கான்ஃபரன்ஸாகத் தொடங்கி 1939-இல் நேஷனல் கான்ஃபரன்ஸ் ஆன கட்சியைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘தேசிய மாநாட்டுக் கட்சி’ என்று எழுதுகின்றன. மாநாடு என்று நிறுத்தினால் விளங்காது என்று யாரோ ஓர் உதவியாசிரியருக்கு உறைத்திருக்கிறது, ‘கட்சி’யை ஒட்டிவிட்டார். செயலிக்கு அந்தச் சமயோசிதம் இல்லை.

மாநாட்டின் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த பகுதி. அப்பகுதியின் சபைக்கும் அதுவே பெயர். அதில் இருந்தவர்கள் நாட்டார். பல நாடுகளைச் சேர்ந்த வேளாண் மக்களின் அமைப்பு ‘சித்திரமேழிப் பெரியநாடு’. நிலைத்து நிற்கும் அமைப்பைக் குறிக்கும் தெம்பு அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் இருந்தது. இன்று ‘பிக் டென் மாநாடு’ என்று படிக்கும் யாரும் சித்திரமேழியை நினைக்கப்போவதில்லை. எத்தனை நாள் மாநாடு என்றுதான் கேட்பார்கள்.

கான்ஃபரன்ஸின் வேர் லத்தீன். ‘கோன்’ என்றால் ஒன்றாக. ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து வருதல். கோன்ஃபெர்ரே: ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்தல். சேர்த்தவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல் அடுத்த பொருள். கருத்துகளைச் சேர்த்துக் கலந்து பேசுதல் அதற்கும் அடுத்தது. ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் ‘ஒப்புநோக்குக’ என்பதற்கு ‘சிஎஃப்’ என்று இரண்டெழுத்து போடுவார்களே, அதுவும் இந்தச் சொல்லின் சுருக்கம்தான். பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கான்ஃபரன்ஸ் என்பது பேச்சு. பேசுகிற கூட்டம், பேசியவர்களின் அமைப்பு என்று பிறகு வளர்ந்தது.

அந்த ஃபெர்ரேவுக்கும் வடமொழியில் சுமத்தலைக் குறிக்கும் வேருக்கும் மூலம் ஒன்று. பாரம் அந்த வேரில் வந்தது. முன்னால் ‘சம்’ சேர்த்தால் சம்பாரம்: கொண்டுவந்து சேர்த்தவை, அதாவது குழம்புக்குக் கூட்டும் மசாலைச் சாமான். சொல்லின் எலும்பை மட்டும் பார்த்தால் கான்ஃபரன்ஸுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். ‘பிக் டென் சம்பாரம்’ என்று ஒரு தலைப்பு வைக்க ஆசைதான், வேலை போய்விடும்.

வேரை விட்டுவிட்டு, அந்த அமைப்பு இன்று என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

1984 வரை எந்தக் கல்லூரி ஆட்டம் தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்சிஏஏ கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர்கள் பக்கம் நின்றது. உரிமை கைக்கு வந்ததும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து விற்கத் தொடங்கின. கடை விரித்தது கான்ஃபரன்ஸ். 2022-இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் பிக் டென் போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. அதன்பின் யார் யாரோடு என்பதை நிலப்படம் முடிவு செய்வதில்லை. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 2024-இல் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏசிசி. இருப்பது பசிபிக் பக்கம், சேர்க்கை அட்லான்டிக் கரைக்காரர்களோடு. டல்லஸின் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் அதற்குள் நுழைய, ஒன்பது ஆண்டுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது.

‘எவை சேரும்?’ என்ற கேள்வி உச்சத்துக்குப் போனது 2016 கோடையில். உறுப்பினர் பத்தாகக் குறைந்திருந்த பிக் 12 (பிக் டென் வேறு, இது வேறு கான்ஃபரன்ஸ்), ஆள் சேர்க்கலாமா என்று யோசிப்பதாக அறிவித்தது. பதினொரு பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வரை போயின: ஹூஸ்டன், சின்சினாட்டி, பிஒய்யு, யுசிஎஃப், துலேன், ரைஸ், கனெக்டிகட் என்று நீளும் பட்டியல். அக்டோபர் 17 அன்று முடிவு வந்தது: யாரும் வேண்டாம். பெண் பார்க்க வந்து பஜ்ஜியைக் காலி செய்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்ற கதை. ஐந்தாண்டு கழித்து அதன் உறுப்பினர்களான டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குத் தாவ முடிவெடுத்ததும், கடிதம் பறந்து வந்தது. அந்தப் பதினொன்றிலிருந்தே பிஒய்யு, சின்சினாட்டி, ஹூஸ்டன், யுசிஎஃப் நான்கையும் 2021 செப்டம்பரில் அழைத்தார்கள். நான்கும் 2023-இல் சேர்ந்தன.

எவ்வளவு அழைத்தாலும் வராதவரும் உண்டு. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1999-இல் பிக் டென்னை மறுத்தது. கால்பந்தில் இன்றும் தனித்தே நிற்கிறது. என்பிசியுடன் 1991 முதல் சொந்த ஒப்பந்தம் இருக்கும்போது யாரிடம் பங்கு கேட்க வேண்டும்?

எதிர்முனையில் பேக் 12 என்ற கான்ஃபரன்ஸ். 1915-இல் போர்ட்லாந்தில் பிறந்த பசிபிக் கரை அமைப்பின் வழிவந்தது. 2024 ஆகஸ்டில் பத்து உறுப்பினர்கள் வெளியேற, மிச்சம் ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். ‘பேக் 2’ என்று கேலி செய்தார்கள். கால்பந்தின் மேல்மட்டத்தில் கான்ஃபரன்ஸாக மதிக்கப்பட எட்டு உறுப்பினர் வேண்டும்; அதற்கு இரண்டாண்டு அவகாசம் கிடைத்தது. பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் என்று வலைவீசி, 2025 ஜூனில் டெக்சஸ் ஸ்டேட்டைப் பிடித்து எட்டை எட்டினார்கள். கால்பந்து அணியே இல்லாத கொன்சாகா பல்கலைக்கழகத்தையும் கூடைப்பந்துக்காக அழைத்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

‘பிரிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். என்பிஏ கூடைப்பந்துக்கு அது பொருந்தும். அங்கே கிழக்கு கான்ஃபரன்ஸ், மேற்கு கான்ஃபரன்ஸ் என்பவை ஒரே லீக்கின் இரண்டு பாதிகள். கல்லூரியில் முழுமையிலிருந்து பிரிந்தது எதுவுமில்லை. பிக் டென் என்சிஏஏவுக்கு மூத்தது என்று முதலிலேயே சொன்னேன். தவிர, என்சிஏஏ 1973 முதல் டிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்திருக்கிறது. பிரிவு என்ற சொல் அதற்குத் தேவை. ‘லீக்’ போடலாம்; ஐவி லீக்கும் பெயரில் மட்டும் லீக், உண்மையில் ஒரு கான்ஃபரன்ஸ்தான். ஆனால் லீக் என்றதும் நம்மவர்களுக்கு ஏலமும் உரிமையாளரும் நினைவுக்கு வருகிறார்கள். கழகம், சங்கம் இரண்டும் தனிக் கிளப்புகளுக்கே போதாமல் கிடக்கின்றன.

‘கூட்டணி’யில் எனக்கு நெடுநாள் மயக்கம். கூட்டு, அணி: அணிகளின் கூட்டு. உள்ளே வருவதும் வெளியே போவதும், கடைசி நாள்வரை இரண்டு பக்கமும் பேசுவதும், பங்கீட்டுச் சண்டையும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தமிழ் வாசகருக்கு விளக்கமே வேண்டாம். கெடுத்தது 2021. அந்த ஆகஸ்டில் பிக் டென், ஏசிசி, பேக் 12 மூன்றும் சேர்ந்து ‘அலையன்ஸ்’ ஒன்றை அறிவித்தன. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கிடையாது, வாய்வார்த்தைதான். பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30 அன்று, பேக் 12-இன் யுஎஸ்சியையும் யுசிஎல்ஏவையும் பிக் டென்னே தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கூட்டணி என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? அந்தச் சொல்லைக் கான்ஃபரன்ஸுக்குக் கொடுத்துவிட்டதால், இந்தச் செய்தியில் நான் ‘கூட்டணிகளின் கூட்டணி’ என்று எழுதவேண்டி வந்தது. மெய்ப்புப் பார்த்தவர் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பினார்.

அன்றிலிருந்து கூட்டமைப்பு. அலுவலகம், விதிநூல், ஆணையர் உள்ள நிலையான உடம்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு போன்ற மேலமைப்புகளோடு குழம்பும் என்பார்கள். முதல் இடத்தில் ‘கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டால் பிறகு குழம்பாது. ஈழத்து வாசகருக்குக் கூட்டமைப்பு என்றதும் 2001-இல் உருவான கட்சிக் கூட்டு நினைவுக்கு வரலாம். அதிலும் உறுப்பினர்கள் வந்து போனார்கள் என்பதால் பொருள் கெடாது. எனவே அந்தத் தலைப்பு: ‘கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு விரிவாக்கம்: எந்தப் பல்கலைக்கழகங்கள் இணையக்கூடும்?’ கொஞ்சம் நீளம்தான். இடம் போதாவிட்டால் ‘விரிவாக்கம்’ போகட்டும்.

தனிப்பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம். பெரிய பத்து, பெரிய பன்னிரண்டு என்று எழுதினால் கணக்கு உதைக்கும். 1917-இல் மிச்சிகன் திரும்பி வந்து உறுப்பினர் பத்தானபோது பிக் டென் என்ற பெயர் பொருந்தியது. சிகாகோ பல்கலைக்கழகம் 1946-இல் விலகியபோது ‘பிக் நைன்’ என்றும் சொல்லிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1990-இல் பென் ஸ்டேட் பதினொன்றாவதாக வந்தபோது பெயரைத் தொடவில்லை. சின்னத்தில் டி எழுத்துக்கு இருபுறமும் உள்ள வெற்றிடத்தில் 11 தெரியும்படி வரைந்து சமாளித்தார்கள். 2011 முதல் 2014 வரை பிக் டென்னில் பன்னிரண்டும் பிக் 12-இல் பத்தும் இருந்தன. 2024-க்குப் பிறகு முன்னதில் 18, பின்னதில் 16. எழுத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: பிக் டென்னின் எண்ணை அவர்கள் எழுத்தால் எழுதுவார்கள், பிக் 12-இன் எண்ணை இலக்கத்தால். தமிழிலும் அப்படியே விடலாம். இரண்டும் ஒரே வரியில் வந்தால் ஓரத்தில் ‘எண் சரியே’ என்று பென்சிலால் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெய்ப்பில் யாராவது திருத்திவிடுவார்கள்.