மூன்று மாதமா, பத்து மாதமா? வாடகை வீட்டு அட்வான்ஸ் பற்றிச் சட்டம் சொல்வது

கோவையில் சரவணம்பட்டி, கணபதி பக்கமோ, திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய தெருக்களிலோ வாடகைக்கு வீடு தேடுகிறவர் முதலில் விசாரிப்பது மாத வாடகையைத்தான்; ஆனால் பல நேரங்களில் அவரைத் திரும்பிப் போகச் செய்வது அட்வான்ஸ் தொகை. மாதம் 9,000 ரூபாய் வாடகையைச் சம்பளத்தில் சமாளித்துவிடக்கூடிய குடும்பம்கூட, 'பத்து மாத அட்வான்ஸ்' என்று கேட்டதும் 90,000 ரூபாயை ஒரே வாரத்தில் புரட்ட வேண்டியிருக்கிறது. புரோக்கர் கமிஷனும் சாமான் ஏற்றிவரும் வண்டிக் கூலியும் இதற்கு மேல். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டியவருக்கு, அந்த வட்டியும் வாடகையோடு சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில் வாடகைதாரருக்குக் கைகொடுக்கக்கூடியது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தில் 'நியாய வாடகை'யை நிர்ணயிக்கக் கோரி மனுச் செய்ய வழி இருந்தது. புதிய சட்டத்திலோ வாடகை என்பது இருவரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. ஆகவே 'இந்த ஏரியாவுக்கு இந்த வாடகை அதிகம்' என்று முறையிட இந்தச் சட்டத்தின்கீழ் இடமில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்குவது சட்டவிரோதம் என்கிறது 11ஆம் பிரிவு. மேலே சொன்ன வீட்டுக்கு அது 27,000 ரூபாய். ஆனால் அதே பிரிவு 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மூன்று மாதக் கணக்கைக் காட்டினால் எடுபடாது என்பதே இதன் பொருள். பலரும் கவனிக்காமல் விடும் வரி இது. என் பார்வையில், சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டையும் இதுதான். எனவே பேரம் பேச வேண்டிய நேரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்புதான். சட்டப்படி மூன்று மாதம் என்று எடுத்துச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், மூன்றுக்கு இறங்காத உரிமையாளரும் ஐந்துக்கோ ஆறுக்கோ இறங்கிவர வாய்ப்புண்டு.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இங்கேதான் பெயிண்ட் தகராறு வருகிறது. 'பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வோம்' என்பது நம் பக்கத்தில் ஏறக்குறைய எழுதப்படாத வழக்கம். நானும் ஒரு முறை அப்படி இழந்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்த வீட்டில் நான் இருந்தது பதினான்கு மாதம்தான். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும், கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும், தண்ணீர்க் குழாய்ப் பாதையை மாற்றுவதையும், மின்கம்பி வேலைகளையும் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவற்றின் பழுது வாடகைதாரரைச் சேர்ந்தது. பெயிண்ட் பிடித்தம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, இருந்தால் கையெழுத்துக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இந்த உரிமைகள் எல்லாம் நிற்பது எழுத்துப்பூர்வமான, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்மீது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் வந்தது. 'பதினோரு மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்ற பதில் புதிய சட்டத்துக்குப் பொருந்தாது. காலம் எவ்வளவாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் இப்பொறுப்பில் இருப்பார். உரிமையாளரோ வாடகைதாரரோ இருவரில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அரசின் இணையதளத்திலேயே இதைச் செய்ய முடியும். பதிவு செய்யாத ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படாது. அதைவிட முக்கியமானது, ஒப்பந்தமே எழுதிக்கொள்ளாதிருப்பதும் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குத் தொடர ஒரு காரணமாகும் என்பது. 'நம்ம ஊர்க்காரர்தான், வாய் வார்த்தை போதும்' என்று குடியேறுகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வாடகை கொடுத்தால் கையொப்பமிட்ட ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை. வாடகையை உயர்த்துவது ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடிதான் நடக்க வேண்டும் என்பதால், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதை எண்ணாகவே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வர விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும். தகராறு எதுவாயினும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, விசாரணை முடியும் முன்பே இணைப்பை மீட்டுத் தர இடைக்கால உத்தரவு பெறலாம்.

மின்சாரம் என்றதும், ஒரே வளாகத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. ஆனால் அது இணைப்புக்குத் தரப்படும் சலுகை. ஐந்து லைன் வீடுகளுக்கு ஒரே இணைப்பு கொடுத்து உள்ளே சப் மீட்டர் மாட்டியிருந்தால், அந்த 100 யூனிட்டை ஐந்து குடும்பங்கள் பங்கிட வேண்டும். மொத்தப் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறிவிடும். வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தனி மீட்டர் உள்ள வீடு கணக்கில் மலிவாக முடிவதுண்டு. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்பதோடு மின் அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். சாவி வாங்கும் அன்று மீட்டர் எண்ணையும், சுவர்களையும், குழாய்களையும் தேதி தெரியும்படி படம் பிடித்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.