இன்றைக்கும் அதே பாட்டா?

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களில் நடக்கும் தமிழ்க் கரோக்கே இரவுகளுக்கு ஒலியமைப்பும் ட்ராக்கும் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) பார்த்துக்கொள்வது என் வேலை. பாடுபவர்களின் பட்டியல் முதலில் என் மேசைக்குத்தான் வரும். பாதிக்கு மேல் எஸ்.பி.பி.யின் எண்பதுகள்தான். ‘இளைய நிலா பொழிகிறதே’ மட்டும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். முதல்முறை அந்த கிட்டார் ஒலித்ததும் கைதட்டல். இரண்டாவது முறை சிரிப்பு. மூன்றாவது முறை பாதிப் பேர் பீஹூன் தட்டோடு வெளியே நிற்பார்கள்.

பாட்டின்மேல் குறையில்லை. 1982இல் வந்தது இன்றும் கூடத்தை எழுப்புகிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலருக்கு அது பொருந்துவதில்லை. பல்லவியில் சுகமாக இருப்பார்கள், சரணம் ஏறும்போது கழுத்து நரம்பு புடைக்கும். “வேற பாட்டு பாடலாமேண்ணே” என்றால், “மத்ததெல்லாம் நம்ம தொண்டைக்கு ஒத்து வராதுப்பா” என்று பதில் வரும்! இது ரசனைக் குறைவு இல்லை, பயம். வரி தெரியும், ட்ராக் கிடைக்கும், கைதட்டல் உறுதி. அந்தப் பாதுகாப்பை விட்டு வெளியே வர மனம் வராது.

பயத்தில் பெரும்பகுதி சுருதியைப் பற்றியது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். மேடைக் கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரைக் கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் நாலரை முதல் ஆறு வரை. அதிலும் ஒவ்வொருவர் குரல் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். கரோக்கேயில் மட்டும், அசல் பாடகர் எந்தச் சுருதியில் பாடினாரோ அதிலேயே பாடியாக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். ட்ராக்கின் சுருதியை மாற்றும் கீ பட்டன் எதற்கு இருக்கிறது? ஒருமுறை அழுத்தினால் அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு மூன்று படி வரை ட்ராக் நன்றாகவே தாங்கும். அதற்கு மேல் இறக்கினால் புல்லாங்குழல் சங்கு ஊதுவதுபோல் ஆகிவிடும், தபேலா தொய்ந்துவிடும். ஜானகி பாடிய பாட்டை ஓர் ஆண் பாட வேண்டுமென்றால் ஐந்து படியாவது மாற்ற வேண்டிவரும். அதற்குப் பட்டனை நம்பாமல், ஆண் சுருதியிலேயே வாசித்துப் பதிந்த ட்ராக்கைத் தேடுவது நல்லது.

எந்தச் சரணம் உங்களுக்கு மிக உயரமோ அதை வீட்டில் பாடிப் பாருங்கள். பல்லவியை வைத்துச் சுருதி முடிவு செய்யக் கூடாது. உச்சத்தில் குரல் உடையாத இடம் எதுவோ, அதுதான் உங்கள் கீ. “மைனஸ் இரண்டு” என்று என்னிடம் சொன்னால் போதும். அதைச் சொல்ல வெட்கப்படுபவர்கள் இருக்கிறார்கள், ஏனென்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்தது, குரலுக்கேற்ற பாடகரைத் தேடுவது. கனத்த, தாழ்ந்த குரல் உள்ளவர்கள் பி.பி. ஸ்ரீநிவாஸ் பக்கம் போகலாம். 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தின் ‘காலங்களில் அவள் வசந்தம்’ கத்த வேண்டிய பாட்டே இல்லை, பேசுவதுபோல் பாடலாம். ஜெயச்சந்திரனின் ‘ராசாத்தி உன்ன’ இன்னொன்று. நம் பக்கத்து நாட்டில் பிறந்த மலேசியா வாசுதேவன் ‘புதுக்கவிதை’யில் பாடிய ‘வா வா வசந்தமே’யை இங்கே ஏன் யாரும் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பெண்கள் பட்டியலில் ஜானகியும் சித்ராவும் நிறைந்திருப்பார்கள். ‘ஜானி’யில் ஜென்ஸி பாடிய ‘என் வானிலே’ போன்ற மெல்லிய பாட்டைப் பாடினால், அலங்காரம் இல்லாத குரல்கூட அழகாகத் தெரியும்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்று. எஸ். ஜேசுதாசனின் சிங்கப்பூர் நாட்டுப்பற்றுப் பாடலான ‘முன்னேறு வாலிபா’வைப் பள்ளியில் பாடாதவர் நம்மில் குறைவு. கரோக்கே இரவில் அதை ஒருவராவது கேட்பார் என்று காத்திருக்கிறேன். ஞாயிறுகளில் வரும், ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேவலை. ஊர்த் திருவிழாவில் கேட்டதைக் கூச்சமில்லாமல் பாடிவிட்டுப் போவார்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘ஒரு பாட்டு ஒருமுறைதான்’ என்று வெறும் தடை போட்டால் சண்டைதான் வரும். படிவத்தில் இரண்டு பாட்டு கேளுங்கள்: ஒன்று பிடித்தது, இன்னொன்று இங்கே இதுவரை பாடாதது. முதலாவதை வேறொருவர் எடுத்துவிட்டால் இரண்டாவது. ‘அறுபதுகள் இரவு’ என்று தலைப்பு வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, இளையவர்கள் அன்றைக்கு வரவே மாட்டார்கள். அதைவிட, தெரியாத பாட்டைப் பாடி இறங்குபவரிடம் “இது எந்தப் படம் அங்கிள்?” என்று ஒருவர் கேட்டால் போதும், அடுத்த மாதம் அவர் இன்னும் அரிய பாட்டோடு வருவார்.

அப்புறம், புதுப் பாட்டு என்றால் ட்ராக்கை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், எத்தனை படி ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. நீங்கள் மைக்கோடு நிற்க நான் யூடியூபில் தேடினால், முதலில் பாடுவது விளம்பரமாகத்தான் இருக்கும்.