கொண்டைக்குருவியின் வாயளவுக்கு ஒரு காடு

சென்னையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தபடியேதான் நடக்கிறார்கள். நன்மங்கலம் காப்புக்காடு, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகம் போன்ற இடங்களில் பாதிக் கதை தரையில் கிடக்கிறது. வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு மரத்தின் அடியைப் பாருங்கள். சூரை, களா, காரை, வேப்பங்கன்று என்று அங்கே ஒரு கூட்டமே முளைத்திருக்கும். நாலடி தள்ளினால் வெறும் புல்தான்.

பழம் தின்ற பறவை உட்காரக் கிளை தேடும். எச்சமும் அங்கேதான் விழும். கொண்டைக்குருவியின் குடலில் விதை ஒரு மணி நேரம்கூடத் தங்குவதில்லை. சதை மட்டும் கரைந்து, கொட்டை முழுசாக வெளியே வந்துவிடும். இதில் விதைக்கும் லாபம் உண்டு. சதையோடு விழுந்த பழத்தைப் பூஞ்சை பிடிக்கும். சில பழங்களின் சதையில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன. ஆனால் பழம் தின்னும் பறவையெல்லாம் விதை பரப்பும் என்று நினைக்க வேண்டாம். கிளி கொட்டையையே உடைத்துத் தின்றுவிடும்.

விதை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுக்கிறது. குயிலும் மைனாவும் தின்று கொட்டையை உதிர்க்கின்றன. அந்த விதைக்குச் சில வாரங்களுக்கு மேல் உயிர் நிற்காது. ஆடி, ஆவணியின் மாலை மழையில் முளைத்து, வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொண்டால்தான் அடுத்த கோடையைத் தாண்டும். வெட்டவெளியில் இது நடப்பது அபூர்வம். முள்புதருக்குள் விழுந்த கன்றுக்கு நிழல் கிடைக்கிறது, மண் ஈரம் சீக்கிரம் போவதில்லை, ஆடு வாய் வைக்க முடிவதில்லை. சில வருடங்களில் வேம்பு புதருக்கு மேலே தலைநீட்டிவிடும். அப்புறம் அதுவே அடுத்த தலைமுறைப் பறவைகளுக்கு உட்காரும் கிளை. நாம் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலமரத்தின் அடியிலும் வேப்பங்கன்று வளர்வது இப்படித்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டையும் உண்டு. கொண்டைக்குருவிக்கு நாட்டுச்செடி, வந்தேறிச் செடி என்ற பேதமெல்லாம் கிடையாது. உண்ணிச்செடியையும் அதே சுறுசுறுப்போடு பரப்பும். அதன் வாயும் சின்னது. சுண்டைக்காய் அளவுப் பழம் வரை சிரமமில்லாமல் விழுங்கும். அதற்கு மேல் போனால் திணறல்தான். பெரிய விதைகளுக்கு மரநாயோ நரியோ வௌவாலோ வேண்டும். அவை அற்றுப்போன இடத்தில் சின்னப் பழச் செடிகளே பெருகுகின்றன. தானாக மீளும் காடு பழைய காட்டின் நகலாக இல்லாததற்கு இதை ஒரு பெரிய காரணமாக நினைக்கிறேன்.

ஓரிடம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பறவைகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஆட்காட்டியும் நெட்டைக்காலியும் தென்பட்டால் நிலம் இன்னும் திறந்தவெளிதான். கதிர்க்குருவியும் வெண்புருவக் கொண்டைக்குருவியும் சத்தம் போட்டால் புதர் அடர்ந்துவிட்டது. அக்டோபரில் வலசை வரும் ஆறுமணிக்குருவி தங்குகிறதென்றால், அது கிளறிப் பூச்சி பொறுக்கச் சருகு சேர்ந்திருக்கிறது, மேலே நிழல் இருக்கிறது. இந்த வரிசை முன்னோக்கி மட்டும் ஓடுவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்கள் இருந்த இடத்திலெல்லாம் வெயில் தரையைத் தொட்டது. அங்கே மறுபடியும் புதர்தான் முதலில் வந்தது.

புதர்க்காட்டைத் தரிசு என்று நினைத்து, முள்ளை வெட்டிக் குழி தோண்டி மரம் நடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. வெட்டுவது கன்றுகளுக்குக் காவல் நிற்கும் செடிகளை. தவிர, எல்லாப் பறவைக்கும் அடர்ந்த மரக்காடு தேவையில்லை. நன்மங்கலத்தின் கொம்பன் ஆந்தை கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்கில் முட்டையிட்டு, சுற்றியுள்ள திறந்த புதர்வெளியில் எலி பிடித்தே குஞ்சுகளை வளர்க்கிறது.