கையில் எடுத்ததும் மறந்துபோகும் வேலை

"என் மகளுக்கு மூன்று வயது. பொம்மைகளை எல்லாம் எடுத்துக் கூடையில் போடு என்றால், சரி என்று தலையாட்டுவாள். தரையில் கிடக்கும் காரைக் கையில் எடுப்பாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அதை ஓட்டத் தொடங்கிவிடுவாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டால், 'கூடையில போடணும்' என்று தெளிவாகப் பதில் வரும். கை மட்டும் காரை ஓட்டிக்கொண்டே இருக்கும். புரிந்துகொண்டே செய்யாமல் இருக்கிறாளே, இதற்குப் பெயர் அடம்தானே?"

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பதிலின் பாதியை அவரே கவனித்துச் சொல்லிவிட்டார். காரைக் கையில் எடுக்கும் அந்த நொடியில்தான் எல்லாம் நடக்கிறது.

அவளுக்குச் சொன்னது புரியவில்லை என்பதற்கு இடமில்லை. மூன்று வயதுக்கு இவ்வளவு மொழி தாராளமாகப் புரியும். உதவி செய்ய மனமில்லை என்றும் சொல்ல முடியாது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துணிக்கிளிப்பைத் தவறவிட்டு எட்டி எடுக்க முடியாமல் தவிக்கும் முன்பின் தெரியாத பெரியவருக்கு, ஒன்றரை வயதுக் குழந்தைகளே தாமாகப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. ஆக, புரிதலும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. பிறகு எங்கே சிக்குகிறது?

ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் மூளை அது என்ன என்று அடையாளம் காண்பதோடு நிற்பதில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்பதையும் கூடவே தயார் செய்கிறது. டக்கர், எல்லிஸ் என்ற இருவர் 1998-இல் இதை அழகாகக் காட்டினார்கள். வீட்டுப் பொருட்களின் படங்களைத் திரையில் காட்டி, படம் நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று இடது கையாலோ வலது கையாலோ பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொருளின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கும் கேள்விக்கும் தொடர்பே கிடையாது. ஆனாலும் கைப்பிடி வலப்பக்கம் இருந்தால் வலது கை சற்று வேகமாக அழுத்தியது, இடப்பக்கம் இருந்தால் இடது கை. யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்ததுமே கை பிடிக்கத் தயாராகிவிட்டது.

பெரியவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைகளுக்கு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வருகிறது.

ஜூடி டெலோச்சும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்டது. ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளை ஓர் அறையில் விளையாட விட்டார்கள். அறையில் அவர்கள் உட்காரும் அளவில் ஒரு நாற்காலி, ஏறிச் சறுக்கும் அளவில் ஒரு சறுக்குமரம், உள்ளே ஏறிக் காலால் தள்ளி ஓட்டும் அளவில் ஒரு கார். குழந்தைகள் ஆசைதீர விளையாடிய பிறகு வெளியே அழைத்துப்போய், அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, அச்சு அசலாக அதேபோன்ற குட்டிப் பொம்மைகளை அங்கே வைத்தார்கள். உள்ளங்கையில் நிற்கும் அளவு. குழந்தைகள் திரும்பி வந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார முயன்றார்கள். குட்டிச் சறுக்குமரத்தில் ஏறிச் சறுக்கப் பார்த்தார்கள். குட்டிக் காரின் கதவைத் திறந்து, பாதத்தை அதற்குள் நுழைக்கத் திரும்பத் திரும்ப முயன்றார்கள்.

அதில் விளையாட்டுப் பாவனை இல்லை. முகத்தில் முழுத் தீவிரம் இருந்தது. அதே குழந்தைகள் குட்டி நாற்காலியை எடுக்கும்போது விரல்களைச் சரியான அளவுக்குத்தான் விரிக்கிறார்கள். கண்ணுக்கு அளவு தெரிகிறது, விரலுக்கும் தெரிகிறது. ஆனால் கார் என்று அடையாளம் கண்டதுமே 'ஏறி உட்கார்' என்ற செயல்திட்டம் எழுந்துவிடுகிறது. இது பொருந்தாது, நிறுத்து என்று சொல்ல வேண்டிய பகுதி வந்து சேர்வதற்குள் கால் கிளம்பிவிடுகிறது. வயது கூடக் கூட இந்தத் தவறு தானாகவே மறைந்துபோகும்.

அந்த நிறுத்தும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் என்று பெயர். மூளையில் மிகத் தாமதமாக முதிரும் பகுதிகளில் ஒன்று, இருபது வயதைத் தாண்டியும் அதன் இணைப்புகள் செம்மையாகிக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மருத்துவர் பிரான்ஸுவா லெர்மிட் 1983-இல் பதிவு செய்தார். மூளையின் முன்பகுதி சேதமடைந்த நோயாளிகள் முன்னால் அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜாடித் தண்ணீரையும் ஒரு டம்ளரையும் வைத்தார். அவர்கள் ஊற்றிக் குடித்தார்கள். மூக்குக்கண்ணாடியை வைத்தார், போட்டுக்கொண்டார்கள். இன்னொரு கண்ணாடியை வைத்தார். முதல் கண்ணாடியின் மேலேயே அதையும் போட்டுக்கொண்டார்கள். பொருள் எதிரே இருந்தாலே போதும், கை அதைப் பயன்படுத்திவிடும்.

ஆரோக்கியமான குழந்தையை நோயாளியோடு ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் மூளையில் எதுவும் பழுதில்லை, அந்த பிரேக் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை, அவ்வளவுதான். பொருட்கள் நம் எல்லோரையும் எப்போதும் அழைத்துக்கொண்டே இருக்கின்றன, அந்த அழைப்பை வேண்டாம் என்று ஒதுக்குவதற்குத் தனியாக ஒரு உழைப்பு தேவைப்படுகிறது என்பதை லெர்மிட்டின் நோயாளிகள் நமக்குக் காட்டினார்கள்.

இப்போது பொம்மைகளை எடுத்து வைக்கும் வேலையை யோசித்துப் பாருங்கள். பொம்மை என்பதே குழந்தையின் கையை அழைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். சக்கரம் உருட்டச் சொல்கிறது, கட்டை அடுக்கச் சொல்கிறது, பந்து வீசச் சொல்கிறது. அதை எடுத்து வைக்க வேண்டுமானால் முதலில் கையில் பிடிக்க வேண்டும். எந்தச் செயல் விளையாட்டைத் தூண்டுகிறதோ அதே செயலைச் செய்துவிட்டு, விளையாடாமல் கூடைவரை போக வேண்டும். இப்படி முப்பது, நாற்பது தடவை. ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாக ஒரு அழைப்பு, புதிதாக ஒரு பிரேக். வேறு எந்த வீட்டு வேலையிலும் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அழுக்குத் துணியைக் கூடையில் போடச் சொல்லிப் பாருங்கள், அதே குழந்தை ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வரும். துணி கையில் இருக்கும்போது, எதையும் செய்யச் சொல்லிக் குழந்தையை அழைப்பதில்லை.

வாசகரின் கேள்வியில் இன்னொன்றும் இருந்தது. வாய் சரியாகச் சொல்கிறது, கை செய்யவில்லை. இதற்கும் புகழ்பெற்ற பரிசோதனை உண்டு. பிலிப் ஸெலாஸோவும் சக ஆய்வாளர்களும் 1996-இல் எழுதியது. நீல முயல், சிவப்புப் படகு படங்கள் ஒட்டிய இரண்டு பெட்டிகளை எதிரே வைத்து, குழந்தையிடம் சில சீட்டுகளைக் கொடுத்து, உதாரணத்துக்கு சிவப்பு முயல், நீலப் படகு என்று வைத்துக்கொள்வோம், முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள். நன்றாகப் பிரிப்பார்கள். பிறகு, இனி நிறம் வேண்டாம், படத்தை வைத்துப் பிரி என்பார்கள். பெரும்பாலான மூன்று வயதுக் குழந்தைகள் தொடர்ந்து நிறத்தை வைத்தே பிரிப்பார்கள். நடுவில் நிறுத்தி, இப்போது முயல் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் சரியான பெட்டியைக் காட்டுவார்கள். அடுத்த சீட்டைக் கையில் கொடுத்ததும் பழைய பெட்டியில் போடுவார்கள். ஐந்து வயதில் இதே வேலை சாதாரணமாகிவிடும். விதியை அறிவதும் அந்த விதிப்படி கையைச் செலுத்துவதும் தனித்தனியே வளர்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

இதே பரிசோதனையை நடாஷா கிர்க்கம், அடேல் டைமண்ட் குழுவினர் 2003-இல் இரண்டு விதமாக மாற்றிச் செய்து பார்த்தார்கள். ஒன்றில், சீட்டைப் போடுவதற்கு முன்னால் அது என்ன என்று குழந்தையையே சொல்லவைத்தார்கள். "இது முயல்" என்று தன் வாயால் சொன்ன மூன்று வயதுக் குழந்தைகள் பலர் சரியாகப் பிரித்தார்கள். இன்னொன்றில், பெட்டியில் போட்ட சீட்டுகளைக் கவிழ்க்காமல் படம் தெரியும்படியே விட்டுவைத்தார்கள். வழக்கமாகச் சரியாகச் செய்யும் நான்கு வயதுக் குழந்தைகளே அப்போது தடுமாறினார்கள். வாயால் சொல்லும் பெயர் கையை வழிநடத்துகிறது, கண்ணில் படும் பொருள் அதை இழுக்கிறது.

வீட்டுக்கும் இதை எடுத்துப் போகலாம் என்பது என் கருத்து. சீட்டில் கண்டது பொம்மைக் கூடைக்கும் முழுசாகப் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் செய்து பார்க்க எந்தச் செலவும் இல்லை. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது "இது எது? இதோட வீடு எது?" என்று கேளுங்கள். பதிலைக் குழந்தைதான் சொல்ல வேண்டும், நாம் சொன்னால் வேலைக்காகாது. உள்ளே போட்டது கண்ணில் படாத மூடியுள்ள பெட்டி, திறந்த கூடையைவிட நல்லது. என் மகன் சிறுவனாக இருந்தபோது நாங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டுக் கொடுத்தோம். துளைக்குள் போன கட்டை மறைந்துவிடும். போடுவதே விளையாட்டாகிவிட்டது. பொம்மை இழுத்துக்கொண்டிருந்த கையை அந்தத் துளையும் அதே வழியில் அழைத்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"எல்லாவற்றையும் எடுத்து வை" என்பதைவிட "முதலில் கார்கள் மட்டும்" என்பது எளிது. வெளியே கிடப்பது குறைவாக இருந்தால் இன்னும் எளிது. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை நான்கு பொம்மைகளோடும் பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். மீதியை மறைத்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பதில் குழந்தைக்கு இழப்பொன்றும் இல்லை. "இன்னும் பத்து நிமிஷத்தில் எடுத்து வைக்கணும், ஞாபகம் வச்சுக்கோ" என்று முன்கூட்டிச் சொல்வதில் மட்டும் அதிக நம்பிக்கை வேண்டாம். யூகோ முனகாட்டாவின் குழுவினர் 2009-இல் கண்பாவை விரிவதை அளந்து பார்த்தபோது, எட்டு வயதுக் குழந்தைகள் வரப்போகும் வேலைக்கு முன்கூட்டியே தயாராவதும், மூன்றரை வயதுக் குழந்தைகள் தேவை வந்த பிறகுதான் நினைவைத் தேடி எடுப்பதும் தெரிந்தது. அந்த வயதுக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நேரத்தில் சொல்வதே சரி.

பொம்மை எடுத்து வைப்பதையே நேரடியாக ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு, அயோவா பல்கலைக்கழகத்தின் கிரஷினா கோச்சான்ஸ்கா. ஒரே குழந்தைகளை 14, 22, 33, 45 மாத வயதுகளில் திரும்பத் திரும்ப அழைத்து இரண்டு சூழல்களில் பார்த்தார். ஒன்று, அழகான பொம்மைகள் இருக்கும் அலமாரியைத் தொடாதே என்று அம்மா சொல்வது. மற்றொன்று, விளையாடிய பொம்மைகளை எடுத்துக் கூடையில் போடு என்று சொல்வது. தொடாமல் இருப்பதுதான் கடினம் என்று நாம் நினைப்போம். முடிவு நேர்மாறாக வந்தது. எல்லா வயதிலும் எடுத்து வைப்பதுதான் கடினமாக இருந்தது. அலமாரியை விட்டு விலகிப் போய்விடலாம், கையில் இருக்கும் பொம்மையை விட்டு எப்படி விலகுவது? சலிப்பூட்டும் ஒரு வேலையைத் தொடங்கி, விடாமல் இழுத்துக்கொண்டு போகும் திறன் இன்னும் தாமதமாக வருகிறது.

ஒரு பொம்மைக் கூடை, ஒரு காமிரா, வருடக்கணக்கான பொறுமை. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பளபளப்பான கருவி எதுவும் வேண்டாம், ஆய்வாளர்களுக்கு நிலையான சம்பளம் மட்டும் வேண்டும். நிதி கொடுக்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் முடிவு கேட்கிறார்கள், குழந்தையோ தன் வேகத்தில்தான் வளரும். நீண்டகால ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குவதில் நாம் காட்டும் கஞ்சத்தனம் எனக்கு வருத்தம் தருகிறது.

பரிசு கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தானாக உதவும் 20 மாதக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு தடவையும் பொருள் கொடுத்துப் பழக்கினால், பிறகு பரிசு இல்லாதபோது உதவுவது குறைந்துவிடுகிறது என்று வார்னெகனும் டொமசெல்லோவும் 2008-இல் காட்டினார்கள். எப்போதாவது கொடுத்தால் குடி முழுகிவிடாது, வழக்கமாக்க வேண்டாம்.

பயமுறுத்துவதைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எடுத்து வைக்காவிட்டால் பூச்சாண்டி வருவான் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொய்யான பயத்தை விதைப்பது தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடுமையான மன அழுத்தத்தில் முதலில் தளர்வது அந்த ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ்தான் என்று ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வகம் விலங்குகளிடம் பல வருடங்களாகக் காட்டி வருகிறது. பாதி கட்டிய பிரேக்கை வைத்துக்கொண்டு குழந்தை திணறும்போது, பயமுறுத்தி அதையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

ஆகவே கேள்வி கேட்ட வாசகருக்கு: அடம் பிடிக்கும் நாட்களும் வரும், ஆனால் நீங்கள் விவரித்தது அடம் இல்லை. அடுத்த முறை அவள் காரை எடுத்து உட்காரும்போது, மூடியில் துளையிட்ட பெட்டியோடு நீங்களும் தரையில் உட்காருங்கள். கார் ஒரு சுற்றுச் சுற்றட்டும். பெட்டியை அதன் வழியில் நீட்டி, "கார் எங்கே போகணும்?" என்று கேளுங்கள். "வீட்டுக்கு" என்று அவளே சொல்லட்டும்.