பழைய விமானப் படத்தை ஃபார்வர்ட் பண்ணுமுன்

ஏப்ரல் 9 நெருங்கினால் போதும், திருகோணமலைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். கரும்புகை கக்கிக்கொண்டு கடலில் சரிந்து கிடக்கிற ஒரு கப்பல், கீழே ‘1942இல் நம் துறைமுகம் தாக்கப்பட்ட காட்சி’ என்று ஒரு வரி. விமானச் சஞ்சிகைகளில் படக்குறிப்பு எழுதியும் திருத்தியும் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அதைப் பார்த்ததும் கை துடிக்கும்.

அது ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டது. மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் வைத்துத்தான் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன, படமும் அவர்களுடைய விமானத்திலிருந்து எடுத்ததுதான். இதே மாதிரி திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் எரிந்துபோன தாங்கியைக் காட்டி ‘கமிகாசே விமானி மோதினான்’ என்பார்கள், அதாவது வேண்டுமென்றே விமானத்தோடு மோதிச் சாகிற ஜப்பானியத் தற்கொலைப் படைக்காரன். மோதியது வேண்டுமென்றா, அடிபட்டு விழுந்ததா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், கமிகாசே படை உருவானதே 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில்!

ஆசிரியர் மேசைக்கு எது வந்தாலும் நான் கேட்கிறது இரண்டே கேள்வி: இதை நேரில் பார்த்தவர் யார், எப்போது எழுதி வைத்தார்? ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர் 17. மறுநாளே அமெரிக்காவின் நோர்ஃபோக் நகரப் பத்திரிகை ஒன்று செய்தி போட்டது, மூன்று மைல் பறந்தார்கள் என்று. அன்றைய நீண்ட பறப்பே 852 அடிதான், அதாவது 260 மீற்றர். செய்தி சுடச்சுட வந்தது, ஆனால் எழுதியவர் அங்கே இருக்கவில்லை. நேரில் நின்று பார்த்து ஒழுங்காக எழுதிய முதல் கட்டுரை எதில் வந்தது தெரியுமா? தேனீ வளர்ப்புச் சஞ்சிகையில்! அதை நடத்திய ஏமஸ் ரூட், 1904 செப்டம்பரில் ஒஹாயோவில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் விமானம் முழு வட்டம் அடித்துத் திரும்பியதைப் பார்த்து 1905 ஜனவரியில் அச்சிட்டார். பெயர்பெற்ற அறிவியல் சஞ்சிகையான சயின்டிஃபிக் அமெரிக்கனோ 1906இலும் ரைட் சகோதரர்களை நம்பாமல் கிண்டலடித்துக்கொண்டிருந்தது. இதனால்தான் சஞ்சிகையின் பெயரைப் பார்த்து நான் மயங்குவதில்லை.

நம் பக்கத்தில் அடிக்கடி பகிரப்படுகிற இன்னொன்று, ரைட் சகோதரர்களுக்கு முன்பே, 1895இல் மும்பைக் கடற்கரையில் தல்படே என்பவர் விமானம் விட்டார் என்பது. அன்றைக்குப் பார்த்தவர் எழுதிய ஒரு துண்டுச் செய்தியையாவது காட்டுங்கள் என்றால் பேச்சு, பழங்கால விமான நூல் என்று சொல்லப்படுகிற வைமானிக சாஸ்திரத்துக்குத் தாவிவிடும். அந்த நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1974இலேயே ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் சொல்லியிருக்கிற எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிற பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று கேட்கிறார்கள். விமானப் பொறியியல் கட்டாயமில்லை, சலிக்காமல் பழைய பத்திரிகை புரட்டுகிற பொறுமையும் உருவம் பிரித்தறிகிற கண்ணும் வேண்டும். 1942இல் சீனக்குடாவில் பிரித்தானியப் போர்விமானங்களில் ஹரிகேனும் இருந்தது, புல்மரும் இருந்தது. ஒருவர் மட்டும் உட்காரும் குட்டிக் கண்ணாடிக் கூண்டு என்றால் ஹரிகேன், இருவருக்கான நீளக் கூண்டு என்றால் புல்மர்.

அப்புறம், சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்தில் வேலை செய்த தாத்தா, அப்பப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். படம் இருந்தால் தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள், அல்பத்திலிருந்து பிய்க்கவும் வேண்டாம். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பாதி அழிந்த பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும், எனக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறதும் அந்தப் பக்கத்தைத்தான். வீட்டில் பெரியவர் சொல்லும் பெயர்களைப் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் ஓரத்தில் குறித்து, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.