மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் வார்டுக்கு ஒரு வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். முதலாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள். முந்தின நாள் வரை தினமும் அரைப் போத்தல் சாராயமோ கசிப்போ குடித்துவிட்டு, சாமிக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்தியிருப்பார்கள். முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும். அடுத்த நாள் தூக்கமே வராது, சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் லயன் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார்கள்.

"சாமி குத்தம் டொக்டர், எங்கயோ தீட்டு பட்டிருச்சு" என்றார் ஒருவரின் மனைவி. பூசாரி, விபூதி, வேப்பிலை என்று ஒன்றரை நாள் போய்விட்டிருந்தது. வந்து சேர்ந்தபோது கணவருக்குக் கடும் காய்ச்சல், நாடி 140. அந்த அம்மா அடுத்துக் கேட்டது, "அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவீங்களா?"

அனுப்பவில்லை. இது பைத்தியமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். மது மூளைக்கு ஒரு பிரேக். வருஷக்கணக்கில் அந்த பிரேக் மிதிபட்டே இருந்தால், வண்டி நின்றுவிடாமலிருக்க மூளை எக்ஸிலேட்டரை அழுத்திப் பழகிவிடும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்? றம்பொடை இறக்கத்தில் லொறி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

பூசாரியைக் குறை சொல்லி என்ன பயன்? மருத்துவத்துக்கே இது புரிய வெகுகாலம் ஆனது. குடிவெறி மனத்தின் நோய் என்று பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தோமஸ் ட்ரொட்டர் 1804இல் எழுதினார். 'அல்கஹோலிசம்' என்ற சொல்லை 1849இல் தந்தவர் சுவீடன் மருத்துவர் மக்னஸ் ஹஸ். பெயர் வந்ததே தவிர, பார்வை மாறவில்லை. குடிகாரன் ஒழுக்கம் கெட்டவன்தான். 1935இல் அமெரிக்காவில் குடியால் சீரழிந்த இருவர் சந்தித்து, ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் குழுவொன்றைத் தொடங்கினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை நோய் என ஏற்றது 1956இல்.

சரி, நோய் என்றாகிவிட்டது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நோயாளி ஒரு பக்கம், 'சும்மா குடிப்பவர்' மறுபக்கம் என்று கோடு விழுந்தது. கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "நான் குடிகாரன் இல்லீங்க, மலையில ஏறி இறங்குற அலுப்புக்குத்தான்." 1976இல் ஆய்வாளர்கள் கிரிஃபித் எட்வர்ட்ஸும் மில்டன் குரொஸும் குடியில்லாமல் முடியாத நிலையான மதுச் சார்பு படிப்படியாகக் கூடுவது என்று விவரித்த பிறகு அந்தக் கோடு மங்கியது. 2013இல் அமெரிக்க உளநல மருத்துவர்கள் 11 அறிகுறிகளை வரிசைப்படுத்தினார்கள். ஒரு வருட காலத்துக்குள் இரண்டு இருந்தாலே இலேசான பாதிப்பு, ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. போன வருஷம் கால் போத்தல் போதுமாயிருந்தது, இப்போது அரைப் போத்தலுக்கும் ஏறவில்லையா? அது ஒன்று. நிறுத்த நினைத்தும் முடியவில்லையா? அது இன்னொன்று.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: "காலையில நடுக்கம் நிக்க ஒரு கிளாஸ் வேணுமா?" ஆம் என்றால் வைராக்கியத்தைச் சோதிக்கும் நேரம் அதுவல்ல. அப்படிப்பட்டவர் தானாக, ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. கோயிலில் சத்தியம் வாங்கும் மாமியார்களுக்கும் இதைச் சொல்கிறேன்; கோபித்துக்கொள்கிறார்கள். வெசாக்கில் சாராயக் கடைகள் அடைபட்டு நடுக்கத்தோடு வருபவர்களுக்கும் இதே கதைதான். வலிப்போ பிதற்றலோ கண்டால் பொழுது விடியக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அந்த மனிதர் பிழைத்தார். சில மாதத்தில் மறுபடி குடித்தார், அதுவும் நடப்பதுதான். மறுவருஷம் ஐப்பசி முடிவதற்குள் மனைவியோடு கிளினிக் வாசலில் நின்றார். "டொக்டர், இந்தத் தடவையும் மாலை போடணும். எப்படி நிப்பாட்டுறதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்." வார்டில் சேர்த்தோம். பி1 விற்றமின் ஊசி, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்த மாத்திரை. ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார். மாலை போட இன்னும் நான்கு நாள் இருந்தது.