பெல்டியர் மாட்யூலை மின்தடை என்று மட்டும் நினைத்தால் வரும் சிக்கல்கள்

மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகும் தட்டையான சில்லுதான் பெல்டியர் மாட்யூல். பழுது என்று சொல்லி என் மேசைக்கு வருபவற்றில் சில, பழுதே இல்லாதவை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்திருப்பார்கள். 2 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் எண் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும், முனைகளை மாற்றிப் பிடித்தால் வேறொரு எண் வரும், சில நேரம் கழித்தல் குறியே தெரியும். உடனே மாட்யூல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் அங்கே நடப்பது வேறு. 1821-இல் சீபெக் கண்டறிந்தபடி, இரு முகங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு இருந்தால் மாட்யூல் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கும். பரவலாகக் கிடைக்கும் 12706 வகையில் பிஸ்மத் டெலூரைடு என்ற குறைக்கடத்தியால் ஆன 127 இணைகள் தொடராக இருப்பதால், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 0.05 வோல்ட் கிடைக்கிறது. மல்டிமீட்டர் 1 மில்லி ஆம்பியர் அனுப்பிச் சோதிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2 ஓமில் அதற்குக் கிடைப்பது 2 மில்லி வோல்ட்தான். ஆனால் மாட்யூலைக் கையில் எடுத்ததால் உண்டாகும் பத்தில் ஒரு டிகிரி வேறுபாடே 5 மில்லி வோல்ட் தரும். அளக்க வந்ததைவிட இடையூறு பெரிது. அதனால்தான் இதன் மின்தடையை மாறுதிசை மின்னோட்டத்தில், வழக்கமாக 1 கிலோ ஹெர்ட்ஸில், அதற்கென்றே உள்ள எல்.சி.ஆர். மீட்டர் என்ற கருவியால் அளக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

ஆக, இதை ஒரு மின்தடையும் அதனோடு தொடராக ஒரு சிறு பேட்டரியும் சேர்ந்ததாகப் பார்ப்பதே சரி. குளிர்விக்கும்போது அந்தப் பேட்டரி நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. 12 வோல்ட் கொடுத்த முதல் கணத்தில் 6 ஆம்பியர் ஓடும். குளிர்முகம் 280 கெல்வினுக்கும் சூடான முகம் 320 கெல்வினுக்கும் பிரிந்தபின் எதிர்மின்னழுத்தம் 2 வோல்ட் ஆகிவிடுவதால், மின்தடை மாறாதிருந்தால் 5 ஆம்பியர்தான் ஓடும். சூடேறச் சூடேற மின்தடையும் கூடுவதால் நடைமுறையில் இன்னும் குறையும். பவர் சப்ளையில் கோளாறு என்று இதைத் தவறாக நினைக்க வேண்டாம்.

மின்னோட்டத்தைக் கூட்டினால் குளிர்ச்சியும் அதே அளவில் கூடும் என்ற எண்ணமே அதிகச் சேதம் செய்கிறது. பெல்டியர் விளைவு, அதாவது மின்னோட்டம் குளிர்முகத்திலிருந்து வெப்பத்தை இழுத்துச் செல்வது, மின்னோட்டத்தின் நேர் விகிதத்தில் வளர்கிறது. மின்தடையில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது, அதில் ஏறக்குறைய பாதி குளிர்முகத்துக்கே திரும்பி வருகிறது. மேற்சொன்ன நிலையில், மாட்யூலின் வழியே கசியும் வெப்பத்தை டிகிரிக்கு அரை வாட் என்று கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், 5 ஆம்பியரில் 60 வாட் செலவழித்து 25 வாட் வெப்பத்தை அகற்றுகிறோம். 7 ஆம்பியருக்குப் போனால் செலவு 112 வாட்டாகிறது, அகற்றுவதோ 29 வாட்தான். அந்த 4 வாட் கூடுதலுக்காக, சூடான முகத்தின் வெப்பத்தைக் காற்றில் விடும் ஹீட் சிங்க் சுமக்க வேண்டிய வெப்பம் 85 வாட்டிலிருந்து 141 வாட்டாக உயர்கிறது. ஹீட் சிங்க் அதைத் தாங்காவிட்டால் சூடான முகம் மேலும் சூடேறி, அந்த 4 வாட்டும் மிஞ்சாது.

மின்னோட்டத்தை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தும் பி.டபிள்யூ.எம். முறையில் நேரடியாக ஓட்டுவதும் இதே கணக்கில் அடிபடுகிறது. 6 ஆம்பியரைப் பாதி நேரம் செலுத்தினால் சராசரி 3 ஆம்பியர். பெல்டியர் குளிர்ச்சி சீரான 3 ஆம்பியருக்குச் சமம். ஆனால் 2 ஓமில் பிறக்கும் வெப்பம் 18 வாட்டுக்குப் பதில் 36 வாட். ஒரு சுருளும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டியைச் சேர்த்து மின்னோட்டத்தைச் சமன்படுத்தினால் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம். தெர்மோஸ்டாட் ரிலேயால் அடிக்கடி முழுதாக அணைத்து ஏற்றுவது இன்னும் மோசம்: அணைத்தவுடன் சூடான முகத்தின் வெப்பம் மாட்யூலின் வழியாகவே குளிர்முகத்துக்குத் திரும்புகிறது, விரிந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சால்டர் இணைப்புகள் களைப்படைகின்றன.

சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே மாட்யூலைப் பயன்படுத்துவோர் திசையைத் திடீரென மாற்றக் கூடாது. எதிர்த்து நின்ற 2 வோல்ட் அப்போது நம் 12 வோல்ட்டோடு சேர்ந்துகொள்ளும். 7 ஆம்பியர் பாயும். மின்னோட்டத்தைப் படிப்படியாகச் சுழியத்துக்கு இறக்கி, இரு முகங்களும் ஓரளவு சமநிலைக்கு வந்தபின் திருப்புங்கள்.

புதிய மாட்யூலைப் பொருத்துவதற்கு முன், அறை வெப்பநிலையில் எல்.சி.ஆர். மீட்டர் காட்டும் மின்தடையை அதன் ஒயரில் ஒரு சீட்டு ஒட்டிக் குறித்து வைப்பது என் வழக்கம். பிறகு குளிர்ச்சி குறைகிறது என்ற புகார் வரும்போது மறுபடி அளந்து பார்ப்பேன்: எண் தெளிவாக ஏறியிருந்தால் சால்டரில் விரிசலோ ஈரம் புகுந்த அரிப்போ இருக்கலாம், ஏறவில்லை என்றால் மாட்யூலைக் கழற்றாமல், ஃபேனையும் தெர்மல் பேஸ்டையும் முதலில் பார்ப்பேன்.